சாதாரண நாளின் மொழி

சித்திரபுரம், மூணாற்றுக்குக் கீழே பள்ளிவாசல் மின்நிலையத்தை ஒட்டி வளர்ந்த மலையூர். முதிரப்புழை ஆற்று நீரைக் குழாய்களில் இறக்கி 1940-இல் இங்கே மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் அதுதான். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், இன்னும் கீழே இறங்கினால் ஏலக்காய்க் காடு. நான்கைந்து தலைமுறைக்கு முன் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து மலையேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இந்தப் பகுதியில் இன்றும் வீட்டுக்குள் தமிழ்தான் பேசுகிறார்கள்.

பொழுது சாய்ந்ததும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் தொலைக்காட்சி பேசத் தொடங்கும். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றே என்பதால் ஒரு வீட்டில் ஓடும் தொடர் அடுத்த வீட்டுக்கும் கேட்கும். திரையில் அகலமான கூடம், வளைந்து ஏறும் மாடிப்படி, பட்டுச்சேலையோடு அடுப்படியில் நிற்கும் மாமியார். திரைக்கு முன்னே, அன்று காட்டில் கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண் கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் உப்பைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அங்கே பேசுவதும் தமிழ், இங்கே பேசுவதும் தமிழ். ஆனால் இந்த வீட்டில் வேலைநிறுத்தத்துக்குப் பெயர் ‘சமரம்’. கடைக்காரர் ‘மதி’ என்றால் ‘போதும்’ என்று பொருள். ‘வெள்ளம்’ என்றால் சில வேளை பெருக்கு, சில வேளை குடிதண்ணீர். யார் யாரிடம் பேசுகிறார் என்பதைப் பொறுத்து அது மாறும். இந்தப் பேச்சு திரையில் ஓடும் தொடர்களில் கேட்பதில்லை.

ஒரு மொழிச் சிறுபான்மைக்குத் தன் பேச்சிலேயே கற்பனை செய்து எழுதப்பட்ட நாடகமும் நகைச்சுவையும் எதற்குத் தேவை? பக்கத்து மாநிலத்தில் அதே மொழியில் மாபெரும் தொழிலே நடக்கும்போது, தனியாக ஒன்று வேண்டுமா? அயர்லாந்தும் சிங்கப்பூரும் மலேசியாவும் இலங்கையும் இந்தக் கேள்வியைச் சந்தித்துப் பார்த்திருக்கின்றன. அவற்றின் அனுபவத்தை இடுக்கி, பாலக்காட்டு எல்லைத் தமிழரின் நிலையோடு சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

செய்தியில் மட்டும் வந்தவர்கள்

மூணாற்றுத் தமிழ் இந்தியா முழுவதும் கேட்ட காலம் ஒன்று உண்டு. 2015 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளர் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். போனஸை 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைத்ததை எதிர்த்து எழுந்த போராட்டம் அது. தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டுத் தாங்களே முன்னின்றார்கள். தங்கள் அணிக்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘பெம்பிளை ஒருமை’. இந்தப் பெயரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘பெம்பிளை’ ஊர்ப்பேச்சுத் தமிழ். ‘ஒருமை’ என்றால் தமிழ் இலக்கணம் படித்தவருக்குப் பன்மைக்கு எதிரான எண் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் இதே பெயரை வைப்பவர் ‘ஒற்றுமை’ என்றுதான் எழுதியிருப்பார். மலையாளத்தில் ‘ஒரும’ என்றால் ஒற்றுமை. இரண்டு மொழிக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவர்கள் மட்டுமே கட்டக்கூடிய சொற்றொடர் இது. யாரும் மொழிபெயர்த்துக் கொடுக்கவில்லை.

அடுத்து கேமராக்கள் மலையேறியது 2020-இல். ஆகஸ்ட் 6 இரவு இராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அப்போதும் இந்தத் தமிழ் நாடெங்கும் கேட்டது, அழுகையாக.

போராடினால் திரையில் வரலாம், மண்ணுக்குள் புதைந்தால் வரலாம். அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த ஐந்தாண்டுகளில் இங்கே கல்யாணப் பேச்சுகள் நடந்தன. சீட்டு எடுத்துக் கடன் அடைத்தார்கள். மகன் திருப்பூருக்குப் போவதா, இங்கேயே ஜீப் ஓட்டுவதா என்று அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டார்கள். கோயில் கொடைக்கு வரி பிரித்ததில் பங்காளிகள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு சமூகத்தின் வாழ்க்கையில் முக்கால் பங்கு இப்படிப்பட்ட நாட்கள்தாம். செய்திக்கு அவை தேவையில்லை. அவற்றை எடுத்துக்கொள்ளும் ஒரே வடிவம் நாடகம். தொடர் நாடகமும் நகைச்சுவையும் இல்லாத சிறுபான்மை, பிறர் கண்ணுக்கு மட்டுமன்றித் தன் கண்ணுக்கே துயரமும் கோபமும் மட்டுமாகத் தெரியத் தொடங்கும். அந்த இழப்பு பெரியது என்பதுதான் என் வாதம்.

சட்டம் இந்த மக்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது கன்னியாகுமரியும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் தமிழ்நாட்டுக்குப் போயின. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. கிழக்குப் பாலக்காட்டில் கொழிஞ்ஞாம்பாறை உள்ளிட்ட சித்தூர் வட்டமும் அப்படியே. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழரும் கன்னடரும் அரசுக்குத் தம் மொழியில் எழுதவும் அதே மொழியில் பதில் பெறவும் உரிமை தந்தது. மனு எழுதும் உரிமை இது. கதை சொல்வதற்கு மனு போதாது.

அந்த உரிமையின் எல்லை 2021-இல் வெளிப்படையாகத் தெரிந்தது. தேவிகுளம் தொகுதி உறுப்பினர் ஆ. ராஜா கேரளச் சட்டமன்றத்தில் தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தார். மலை மக்களுக்குப் பெருமையான நாள். பிறகு பார்த்தால், அவருக்குக் கொடுத்த தமிழ் வாசகத்தில் கடவுள் பெயராலோ உளமார உறுதியாகவோ ஏற்கிறேன் என்னும் பகுதி மொழிபெயர்ப்பில் விடுபட்டிருந்தது. அவர் மீண்டும் பிரமாணம் எடுக்க வேண்டியதாயிற்று. பெயர்த்துத் தரப்படும் மொழியில் உயிர்ச் சொல் ஒன்று விடுபட்டாலும் உடனே யாருக்கும் தெரிவதில்லை. ஒரு மொழியிலேயே யோசித்து எழுதுபவருக்கு அந்தத் தவறு நேராது.

அயர்லாந்தில் நடந்தது

அயர்லாந்தின் கதை நம்முடையதற்கு ஏறக்குறைய தலைகீழ். அந்நாட்டின் 1937-ஆம் ஆண்டு அரசியல் சட்டப்படி ஐரிஷ்தான் முதல் ஆட்சிமொழி. பள்ளியில் எல்லாரும் படிக்கிறார்கள். 2022 கணக்கெடுப்பில் சுமார் 18.7 லட்சம் பேர் தமக்கு ஐரிஷ் தெரியும் என்றார்கள். ஆனால் பள்ளிக்கு வெளியே அன்றாடம் பேசுவோர் சுமார் 72,000 பேர்தான். அங்கே சட்டத்தில் உயரம், வாயில் குறைவு. இங்கே கதை வேறு: 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 5 லட்சம் பேர், வாயில் நிறைவு, ஏட்டில் மெலிவு.

அந்த 72,000 பேருக்கும் மேற்குக் கரையில் அவர்கள் செறிந்து வாழும் ‘கேல்டாக்ட்’ ஊர்களுக்கும் தொலைக்காட்சி எளிதாகக் கிடைத்துவிடவில்லை. 1960-களின் இறுதியில் உரிமை இயக்கம் தொடங்கி, 1970-இல் மேற்குக் கரையின் கானமாராவில் இளைஞர்கள் உரிமம் இல்லாமலே வானொலி நடத்தினார்கள். அதன் பின்னர்தான் 1972-இல் அரசு ஐரிஷ் மொழி வானொலியைத் திறந்தது. 1987-இல் ரோஸ் மக் என்னும் ஊரில் இதே முறையில் உரிமமில்லாத் தொலைக்காட்சி ஒளிபரப்பு ஒன்றைச் செய்து காட்டினார்கள். பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரான மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் அமைச்சராக இருந்தபோது, 1996 அக்டோபர் 31 அன்று ‘டெலிஃபீஷ் ந கெய்ல்கே’ தொடங்கியது. இன்றைய பெயர் டிஜி4. தலைநகர் டப்ளினில் வைக்காமல் கானமாராவிலேயே அதன் தலைமையகத்தை அமைத்தார்கள்.

அந்த ஆண்டுமுதல் ஓடும் தொடர் ‘ரோஸ் ந ரூன்’. கால்வே அருகே ஸ்பிடல் என்னும் ஊரில் எடுக்கப்படும் கற்பனைக் கிராமத்துக் கதை. மதுக்கடை, கடன், கள்ள உறவு, சொத்துத் தகராறு எல்லாம் உண்டு. தொடக்கக் காலத்திலேயே ஒருபாலின இணையர் பாத்திரங்களும் இருந்தார்கள். அதற்கு முன் ஐரிஷ் பேசுவோரைத் திரை பெரும்பாலும் நாட்டுப்புறப் பாட்டு, பழங்கதை, படகு, கம்பளிச்சட்டை என்று அருங்காட்சியகப் பொருளாகத்தான் காட்டியது. பழம்பெருமையின் காவலர்களாக மட்டும் தெரிந்தவர்கள், தவறு செய்யவும் பொய் சொல்லவும் ஏமாறவும் கூடிய மனிதர்களாக அந்தத் தொடரில் வந்தார்கள். மொழிக்கு இது பெரிய விடுதலை. கும்பிட மட்டுமே பயன்படும் மொழியில் சண்டை போட முடியாது. சண்டை போட முடியாத மொழியில் வெகுநாள் வாழவும் முடியாது.

இன்னொன்றும் நடந்தது. ஐரிஷில் கானக்ட், அல்ஸ்டர், மன்ஸ்டர் என்று மூன்று பெரிய வட்டார வழக்குகள். பாடப்புத்தகம் ஒரு பொது வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். தொடரிலோ ஒவ்வொரு பாத்திரமும் தன் ஊர் வழக்கிலேயே பேசியது. அடியில் ஆங்கில எழுத்து ஓடும். மொழி முழுதும் தெரியாதவரும் பார்க்கலாம். தெரிந்தவர் தன் ஊர்க் குரலைக் கேட்கலாம். நிகழ்ச்சிகளில் பெரும்பகுதியைத் தனித் தயாரிப்பு நிறுவனங்களிடமிருந்து வாங்குவது டிஜி4-இன் முறை. அதனால் எழுத்தாளர், நடிகர், ஒலிப்பதிவாளர், ஒப்பனையாளர் எனப் பலருக்குக் கேல்டாக்டிலேயே பிழைப்பு கிடைத்தது. மொழி பேசுபவன் ஊரை விட்டுப் போகாமலிருக்க இது ஒரு காரணம்.

சிரிப்பின் வேலை

டிஜி4-இன் தொடக்கக் கால நகைச்சுவைத் தொடர் ஒன்றுக்குப் பெயர் ‘சி. யூ. பர்ன்’. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் ‘நீ எரிவதைப் பார்ப்போம்’ என்று ஒலிக்கும். டோனிகாலில் அண்ணன் தம்பி இருவர் பிணம் எரிக்கும் நிலையம் நடத்துகிறார்கள். எரிபொருள், வீட்டு அடுப்புக்காக அந்த ஊர்க்காரர்கள் சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைக்கும் புல்கரி. கத்தோலிக்கச் சடங்கு, ஏழ்மை, தொழில் முனைவு என்று எல்லாரும் மெதுவாகப் பேசும் மூன்று விஷயங்களை ஒரே அடுப்பில் போட்டது அந்தத் தொடர். கதையின் கரு அந்த மண்ணில்தான் முளைக்கும். ஆங்கிலத்தில் எழுதி ஐரிஷுக்கு மாற்றினால் அந்தச் சதுப்புநில வாசம் வராது.

நகைச்சுவைக்கு ஒரு மொழியில் எளிதில் போலி செய்ய முடியாத ஒன்று வேண்டும். யார் யாரை எப்படிக் கூப்பிடுவார், எந்த இடத்தில் மரியாதை குறையும், எந்தச் சொல்லை உச்சரித்தால் ஊர் தெரிந்துவிடும் என்ற அறிவு அது. செய்தியை மொழிபெயர்க்கலாம். சோகக் காட்சியைக்கூட இசையைக் கொண்டு ஒப்பேற்றலாம். சிரிப்பை மட்டும் அந்த மொழிக்குள் பிறந்தவர்தான் எழுத வேண்டும். ஒரு மொழியில் புதிய நகைச்சுவை எழுதப்படுகிறதா என்று பார்த்தால் அதன் உடல்நிலை தெரிந்துவிடும்.

தமிழில் இதற்கு நல்ல சான்று இலங்கை வானொலி. அதன் ‘கோமாளிகளின் கும்மாளம்’ தொடரின் கதைமாந்தரே பேச்சு வழக்குகளால் ஆனவர்கள். டி. ராஜகோபாலின் அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ். எஸ். ராம்தாஸின் மரிக்கார் முஸ்லிம் தமிழ். எஸ். செல்வசேகரனின் உபாலி, சிங்களம் கலந்த தமிழ். பி. எச். அப்துல் ஹமீதின் ஐயர் இன்னொரு தமிழ். ஒரு சிறு தீவின் தமிழுக்குள் இத்தனை தமிழ் இருப்பதை நேயர்கள் சிரித்தபடி கேட்டார்கள். அந்தப் புகழில் 1976-இல் ‘கோமாளிகள்’ என்னும் படமும் வந்தது. சென்னைப் படங்களும் பாட்டும் இலங்கையில் தாராளமாகக் கிடைத்த காலம் அது. ஆனாலும் அப்புக்குட்டியை மெட்ராஸிலிருந்து இறக்குமதி செய்திருக்க முடியாது.

கடல்தாண்டிய தமிழ்

சிங்கப்பூர் இதை அரசின் கடமையாகவே எடுத்துக்கொண்டது. தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. 1963-இல் தொலைக்காட்சி வந்த காலம்தொட்டுத் தமிழ் நிகழ்ச்சிகள் உண்டு. 2000-இல் ‘சென்ட்ரல்’ அலைவரிசையில் வசந்தம் ஒரு பகுதியாக இடம்பெற்றது. 2008 அக்டோபர் 19 முதல் அது தனி அலைவரிசை. சென்னை அலைவரிசைகள் கம்பிவழி வீட்டுக்கு வரும் ஊர் அது. இருந்தும் வசந்தம் தன் ஊர் எழுத்தாளர்களையும் நடிகர்களையும் வைத்து நாடகம் எடுக்கிறது. ‘வேட்டை’ போன்ற காவல்துறைத் தொடரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளும் சிங்கப்பூர்ச் சட்டமும் வருகின்றன. சிங்கப்பூர்ப் பிள்ளைக்குத் தமிழ் தன் தெருவில் நடக்கும் மொழி என்று அப்போதுதான் தோன்றும்.

அங்கேயும் மொழி தேய்கிறது என்பதை மறைக்கக் கூடாது. வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2010-இல் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5. ஒரு தொலைக்காட்சி ஒரு மொழியைத் தனியாகக் காப்பாற்றிவிடாது. ஆனால் பள்ளிப் பாடத்திட்டத்தைச் சீரமைத்த 2005-ஆம் ஆண்டுக் குழு, எழுத்துத் தமிழோடு பேச்சுத் தமிழையும் வகுப்பில் வளர்க்க வேண்டும் என்றது. அந்தப் பேச்சுத் தமிழ் பொதுவெளியில் ஒலிக்கும் இடங்களில் நாடகம் முக்கியமானது. அதுவும் இல்லாவிட்டால் ஆசிரியர் எதைக் காட்டிக் கற்பிப்பார்?

மலேசிய அனுபவம் நம் மலைக்கு இன்னும் நெருக்கம். அங்கேயும் கதை தோட்டத்தில் தொடங்குகிறது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ (2015) தோட்டங்கள் கலைந்தபின் புறநகரில் அல்லாடும் தமிழ்க் குடும்பத்தின் கதை. தலைப்பே மலாய்ச் சொல்லைத் தமிழ் நாக்கு உருட்டிய வடிவம். 2016-இல் மலேசியத் திரைப்பட விழா, மலாய் அல்லாத மொழிப் படங்களுக்குத் தனிப் பிரிவு வைத்ததும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. மலாய்க் கலைஞர்களும் சேர்ந்து கண்டித்தார்கள். அந்த ஏற்பாடு மாற்றப்பட்டது, ‘ஜகாட்’ சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. ‘எங்கள் நாட்டுப் படம்’ என்ற சொல்லுக்குள் ஒரு தமிழ்ப் படம் நுழைந்தது அப்போது. கேரளத்துக்கும் இதில் பாடம் இருக்கிறது. மலைத் தமிழில் எடுக்கும் நாடகம் தமிழ்நாட்டு நாடகமாகாது. அது கேரளத்தின் நாடகம்.

மலைக்கு என்ன வேண்டும்

இந்த மலையின், இந்த எல்லையின் பக்கம் திரை எட்டிப் பார்த்ததே இல்லை என்று சொன்னால் நியாயமாகாது. லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) தேனிக்கும் இடுக்கிக்கும் நடுவே மூட்டை சுமக்கும் மனிதர்களையும் ஏலத் தோட்டத்தையும் இரு மாநில அரசியலையும் பொறுமையாகக் காட்டியது. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ 2022-இல் வந்தது. வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும் மலையாளி ஒருவர் வழியில் பேருந்தை நிறுத்தி இறங்கித் தமிழ்க் கிராமத்து ஆளாகவே மாறிப் பேசுகிறார். படம் நெடுக, ஊர் வீடுகளிலிருந்து பழைய தமிழ்ப் படங்களின் பாட்டும் வசனமும் கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் அரிய படங்கள். ஆனால் ஒரு படம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மக்கள் தினமும் தங்களைப் பார்த்துப் பழக வேண்டுமானால் தொடர் வேண்டும். தொடர், திரைத் தொழில் தெரிந்தவர்களை உருவாக்கும். எழுதிப் பழகியவர் அடுத்ததை இன்னும் நன்றாக எழுதுவார். அயர்லாந்தில் 1996 முதல் தொடர்ந்த இந்தப் பழக்கமும் டிஜி4 பங்கேற்ற திரைப்பட உதவித் திட்டமும் சேர்ந்துதான் ‘அன் கலீன் கியூன்’ படத்துக்கு வழி திறந்தன. ஆஸ்கரின் சர்வதேசத் திரைப்படப் பிரிவில் இறுதிப் பட்டியலுக்கு வந்த முதல் ஐரிஷ் மொழிப் படம் அது.

பணத்துக்கும் வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் ஒரு படத்துக்கு 1.5 கோடி ரூபாய் வரை ஒதுக்கும் திட்டத்தை நடத்துகிறது. அதே கதவை மொழிச் சிறுபான்மைக்கும் திறக்கலாம். முழுநீளப் படத்துக்குப் பதில் அரைமணி நேரத் தொடர்களுக்கும் தரலாம். உள்ளூர் கேபிள் அலைவரிசைகள் பரவிக் கிடக்கும் மாநிலம் இது. அடியில் மலையாள எழுத்து ஓடட்டும், மலையாளம் பேசும் அடிமாலிக்காரரும் பார்ப்பார். கொழிஞ்ஞாம்பாறைத் தமிழும் மூணாற்றுத் தமிழும் ஒன்றல்ல என்பதால் இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரங்கள் வேண்டும். ‘ரோஸ் ந ரூன்’ மூன்று வழக்குகளை ஒரே கிராமத்தில் குடிவைத்தது போல.

முதல் அத்தியாயத்துக்கு மண்சரிவும் வேண்டாம், கங்காணிக் கொடுமையும் வேண்டாம். ரேஷன் கடை வரிசை போதும். கடைக்காரர் மலையாளத்தில் கேட்கிறார். வரிசையில் நிற்கும் அக்கா தமிழில் பதில் சொல்கிறார். இருவருக்கும் எல்லாம் புரிகிறது. தேனியிலிருந்து புதிதாக வந்த மருமகள் பின்னால் நின்று, ‘வெள்ளம்’ என்ற சொல்லைக் கேட்டுப் பதறி ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். அவள் ஊர்ப் பெயர் ‘பட்டி’ என்று முடிகிறது. இங்கே அந்தச் சொல்லுக்கு நாய் என்று பொருள் என்பதை நாத்தனார் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. எப்போது சொல்வாள், எந்தச் சண்டையில் சொல்வாள் என்பதில் பத்து அத்தியாயம் ஓடும்.

அந்த வசனத்தைச் சென்னையில் உட்கார்ந்து எழுத முடியாது, கொச்சியிலும் முடியாது. எழுதக்கூடியவர்கள் இப்போது மூணாற்றிலும் தேவிகுளத்திலும் பள்ளி இறுதி வகுப்புகளில் படித்துக்கொண்டிருக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் திருப்பூர், கோயம்புத்தூர், எர்ணாகுளம் என்று மலையிறங்கிவிடுவார்கள். அங்கே போய்ச் சேர்ந்த ஊரின் பேச்சுக்கு நாக்கைப் பழக்கிக்கொள்வார்கள். அதற்கு முன்பே அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கையில் தாளும் கூலியும் கொடுத்து, அந்த முதல் அத்தியாயத்தை எழுதி வாங்க வேண்டும்.